எதிரி நாட்டு மேல தடை போடுதவங்க உள்ளூர்ல யாரப் பாத்து போடுதாங்க?

தம்பி கேட்ட கேள்வி இது: "அண்ணாச்சி, கியூபா, ஈரான், ரஷ்யான்னு அமெரிக்கா தடை போட்டுக்கிட்டே இருக்கு, ஒரு நாடும் பணிஞ்ச மாதிரி தெரியல, பொறவு ஏன் போடுதாங்க? உள்ளூர் அரசியல்தான் காரணம்னு சொல்லுதாங்களே, அது எவ்வளவு தூரம் உண்மை? போட்டத ஏன் லேசுல எடுக்க மாட்டேங்காங்க?"

பாளையங்கோட்டையில ரூம் எடுத்து குரூப் ஒன்னுக்கு படிக்கிற பையன். கேள்வி நல்லா இருந்துச்சு, ரெண்டு வரியில முடிக்க மனசு வரல. நான் தூத்துக்குடியில கிளியரிங் ஆபீஸ்ல இருபத்தாறு வருஷம் இருந்தவன், எல்.சி.யும் (துட்டு வரும்னு வங்கி குடுக்குத உறுதிக் காயிதம்) பில் ஆஃப் லேடிங்கும் (கப்பல்ல சரக்கு ஏத்தினதுக்கு ரசீது) பாத்து பாத்துதான் எந்த நாட்டுக்கும் எந்த நாட்டுக்கும் சண்டைன்னே தெரிஞ்சுக்கிட்டேன், அதனால பரீட்சை புத்தகத்து வரிசையில இருக்காது, எனக்கு புரிஞ்ச வழியில சொல்லுதேன்.

எதிரி நாடு ஏதோ ஒண்ணு செஞ்சிருக்கும், அது பொய் இல்ல. ஆனா அதுக்கு பதிலா போடுத தடை எப்படி இருக்கணும், எந்த சாமான தொடணும், எத தொடாம விடணும், எத்தன வருஷம் நிக்கணும்னு முடிவு பண்ணுதது பெரும்பாலும் தடை போடுத நாட்டோட வீட்டுக்குள்ள இருக்க கணக்கு. இது எப்படி தெரியும்னா தடை பட்டியல படிச்சா தெரியாது தம்பி. விலக்கு பட்டியல படிக்கணும், எதுக்கெல்லாம் "இது மட்டும் போகலாம்"னு விட்டிருக்காங்கன்னு பாக்கணும்.

இத நான் படிச்சு தெரிஞ்சுக்கல. எங்க ஆச்சி ஊர்ல சின்ன வயசுல ஒரு குடும்பத்த ஊர் விலக்கு வச்சத பாத்திருக்கேன். யாரும் பேசக்கூடாது, கடையில சாமான் குடுக்கக்கூடாது, கோயில் வரி வாங்கக்கூடாது, நல்லது கெட்டதுக்கு போகக்கூடாது. அந்த வீட்டு பிள்ளைக எங்க கூடதான் படிச்சுது, மத்தியானம் வேப்பமரத்தடியில தனியா உக்காந்து சாப்பிடும், இப்ப நினைச்சாலும் மனசு கனக்கும். தகராறு என்னவோ வரப்பு தகராறுதான். ஆனா விலக்கு வச்சே ஆகணும்னு முன்ன நின்னு சத்தம் போட்டவரு அடுத்த பஞ்சாயத்து தேர்தல்ல நிக்கப் போறவரு. இன்னொண்ணு, சாமான் குடுக்காதன்னாங்க, பேசாதன்னாங்க, ஆனா அந்த குடும்பம் வாங்கின கடனுக்கு வட்டி மட்டும் மாசம் தவறாம வாங்கிக்கிட்டாங்க, ஏன்னா வட்டிக்கு விட்டவரு ஊர் கூட்டத்துல முன்வரிசை. அந்த வட்டிக்கு குடுத்த விலக்கு எனக்கு அப்படியே மனசுல நின்னு போச்சு.

இப்ப கோதுமைக்கு வாரேன், ஏன்னா இத விட தெளிவா வேற எதுலயும் தெரியாது. 1979 டிசம்பர் கடைசியில சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள்ள போச்சு. 1980 ஜனவரி 4ஆம் தேதி ஜனாதிபதி கார்ட்டர் டிவியில வந்து சோவியத்துக்கு போகவேண்டிய 1 கோடியே 70 லட்சம் டன் தானியத்த நிறுத்துதேன்னு சொன்னாரு, பழைய ஒப்பந்தப்படி குடுத்தே ஆகவேண்டிய 80 லட்சம் டன் மட்டும் போகும்னாரு. அந்த நேரம் டெஹ்ரான்ல அமெரிக்க தூதரகத்து ஆளுக பிணைக்கைதியா கிடக்காங்க, தேர்தல் வருஷம் வேற, எதுக்கும் கைகட்டி நிக்கிற ஆளுன்னு கார்ட்டருக்கு பேரு விழுந்துட்டு, போருக்கும் போக முடியாது, சும்மாவும் இருக்க முடியாது. அதனால தானியம். சோவியத்து பட்டினி கிடந்துச்சான்னா இல்ல, அர்ஜென்டினா நல்ல விலைக்கு வித்துச்சு. அடி வாங்கினது அயோவா, கன்சாஸ் மாதிரி மாநிலத்து விவசாயி, "ஆப்கானிஸ்தான் பிரச்சினைக்கு என் களஞ்சியம்தான் கிடைச்சுதா"ங்கிற கோபம் அங்க பரவிட்டு.

அந்த கோபத்த கையில எடுத்தவரு தேர்தல்ல கார்ட்டர எதிர்த்து நின்ன ரீகன். கம்யூனிசத்த அவர விட கடுமையா எதிர்த்தவங்க அப்ப அமெரிக்காவுல அதிகம் பேரு கிடையாது, ஆனா அவருதான் தானிய தடைய எடுப்பேன்னு பிரச்சாரத்துல வாக்கு குடுத்தாரு, ஜெயிச்சதும் 1981 ஏப்ரல் 24ஆம் தேதி எடுத்தும் விட்டாரு. சோவியத் படை அப்பவும் ஆப்கானிஸ்தான்லதான் இருக்கு, ஒரு ஆள் வெளிய போகல. அதோட நிக்கல பாரு, அதே வருஷம் டிசம்பர்ல போலந்துல ராணுவ ஆட்சி வந்ததும் சைபீரியாவுல இருந்து ஐரோப்பாவுக்கு போடுத கேஸ் பைப்லைனுக்கு அமெரிக்க சாமான் எதுவும் போகக்கூடாதுன்னு தடை போட்டாரு, 1982 ஜூன்ல அத ஐரோப்பாவுல இருக்க கம்பெனிக்கும் நீட்டினாரு. அப்ப பிரிட்டன் பிரதமரா இருந்த தாட்சருக்கு ரீகன் எவ்வளவு நெருங்கின ஆளு, அவங்களே கொதிச்சு போனாங்க, ஏன்னா ஸ்காட்லாந்துல ஜான் பிரவுன் கம்பெனி அந்த பைப்லைனுக்கு டர்பைன் செய்யுத ஆர்டர் எடுத்திருந்துச்சு. அமெரிக்க கோதுமை மட்டும் அதே சோவியத்துக்கு கப்பல் கப்பலா போகுது, ஸ்காட்லாந்து தொழிலாளி செஞ்ச டர்பைன் போகக்கூடாது. நவம்பர்ல பைப்லைன் தடையையும் கைவிட்டாங்க, 1983 ஆகஸ்ட்ல வருஷத்துக்கு குறைஞ்சது 90 லட்சம் டன் தானியம் வாங்கணும்னு சோவியத்தோட அஞ்சு வருஷ ஒப்பந்தமே போட்டாங்க. ஸ்காட்லாந்துக்காரனுக்கு அயோவாவுல ஓட்டு கிடையாது, அவ்வளவுதான் விஷயம்.

இங்க ஒண்ணு சொல்லிக்கிடுதேன். கார்ட்டர் அப்ப மாஸ்கோ ஒலிம்பிக்கையும் புறக்கணிச்சாரு, மேற்கு ஜெர்மனி, பாகிஸ்தான் எல்லாம் போகல, ஆனா இந்தியா போச்சு, நம்ம தமிழ்நாட்டு பாஸ்கரன் கேப்டனா இருந்த டீம்தான் ஸ்பெயின 4-3ன்னு ஜெயிச்சு தங்கம் வாங்கிச்சு. கோவில்பட்டி பக்கம் ஹாக்கி மட்டையோட அலைஞ்ச எங்க வயசு பையங்களுக்கு அது தீபாவளி. அந்த புறக்கணிப்புல பெரிய அடி நாலு வருஷம் உயிர குடுத்து பயிற்சி எடுத்த விளையாட்டு வீரங்களோட வாழ்க்கைக்குத்தான், அவங்களுக்காக அரசாங்கத்த நெருக்க லாபி கிடையாது. கோதுமை தடை ஒன்றேகால் வருஷத்துல திரும்பிட்டு, அந்த வீரங்களுக்கு போன ஒலிம்பிக் திரும்பி வரவே இல்ல.

கோதுமை கதை அதோட முடியல. 1998 மே மாசம் பொக்ரான்ல நாம வெடிச்சோம், அந்த மாசக் கடைசியிலயே பாகிஸ்தானும் வெடிச்சுது. அமெரிக்காவுல கிளென் திருத்தம்னு ஒரு சட்டம் இருந்துச்சு, அணு சோதனை செஞ்ச நாட்டு மேல தடை தானா விழும், ஜனாதிபதிக்கே பெருசா இடம் கிடையாது. விழுந்துச்சு. பொறவுதான் கவனிச்சாங்க, வாஷிங்டன் மாநிலத்து பக்கம் விளையுத வெள்ளை கோதுமைக்கு பெரிய வாடிக்கையே பாகிஸ்தான்தான், அமெரிக்க அரசோட கடன் உத்தரவாதம் இல்லன்னா பாகிஸ்தானால வாங்க முடியாது, அந்த உத்தரவாதமும் தடையில மாட்டிக்கிட்டு. ஜூலை 9ஆம் தேதி செனட்ல சாப்பாட்டு சாமானுக்கு விலக்கு குடுக்க ஓட்டெடுப்பு, 98க்கு 0. ஒரு ஆள் கூட எதிர்க்கல! அணு ஆயுதம் பரவக்கூடாதுங்கிற கொள்கை மே மாசம் மலை மாதிரி நின்னுச்சு, ஜூலையில கோதுமை மூட்டைக்கு வழி விட்டுட்டு. கோதுமை போனது நல்லதுதான், சாப்பாட்ட தடுக்கவே கூடாதுன்னுதான் நானும் சொல்லுவேன், ஆனா அத செய்ய வச்சது பாகிஸ்தான்காரனோட பசி கிடையாது.

அடுத்து ஓட்டு. இதுக்கு கியூபாவ விட நல்ல பாடம் இல்ல. 1962 பிப்ரவரியில கென்னடி முழு வர்த்தக தடை போட்டப்ப சோவியத்து பயம் நிசமாவே இருந்துச்சு, அத மறுக்க முடியாது. ஆனா 1991ல சோவியத்தே உடைஞ்சு போச்சு, தடை எடுக்க அத விட நல்ல நேரம் உண்டா? நடந்தது தலைகீழ். காஸ்ட்ரோகிட்ட இருந்து தப்பிச்சு வந்த கியூபாக்காரங்க மயாமியில வேர் விட்டுட்டாங்க, வீடு, நிலம், சொந்தம் எல்லாத்தையும் இழந்துட்டு வந்தவங்க, அவங்க வலி நிசம், அவங்க ஓட்டு ஒரே கட்டா விழும், ஃபுளோரிடாவுல அப்ப ஜனாதிபதிய தேர்ந்தெடுக்குத எலெக்டோரல் ஓட்டு 25. 1992 தேர்தல்ல தடைய இறுக்குத மசோதாவுக்கு அப்ப ஜனாதிபதியா இருந்த அப்பா புஷ் தயங்கிக்கிட்டு இருந்தாரு, எதிர்த்து நின்ன கிளின்டன் ஏப்ரல்லயே மயாமிக்கு போய் "நான் ஆதரிக்கேன்"னுட்டாரு. பொறவு புஷ்ஷால சும்மா இருக்க முடியுமா? தேர்தலுக்கு பத்து பதினோரு நாள் இருக்கும்போது அக்டோபர் 23ஆம் தேதி மயாமிக்கே போய் கையெழுத்து போட்டாரு. ஹவானாவுல அன்னைக்கு எதுவும் மாறல, மாறினது மயாமியில யாருக்கு கைதட்டு அதிகம்ங்கிறது.

1996லயும் அதேதான். பிப்ரவரி 24ஆம் தேதி மயாமியில இருந்து பறந்த ரெண்டு சின்ன விமானத்த கியூபா மிக் விமானம் சுட்டு தள்ளிச்சு, நாலு பேரு செத்தாங்க, கொடுமையான காரியம். அதுவரைக்கும் கியூபா தடைய இன்னும் இறுக்குத ஹெல்ம்ஸ்-பர்டன் மசோதாவுக்கு பிடி குடுக்காம இருந்த கிளின்டன் மார்ச் 12ஆம் தேதி கையெழுத்து போட்டாரு. அந்த சட்டத்துலதான் பெரிய பூட்டு இருக்கு, தடை சட்டமாவே ஆயிட்டு, இனி எந்த ஜனாதிபதியும் தனியா எடுக்க முடியாது, காங்கிரஸ் எடுக்கணும். 1992ல தோத்த ஃபுளோரிடாவ 1996ல கிளின்டன் ஜெயிச்சாரு. 2000ல அதே ஃபுளோரிடா 537 ஓட்டுல ஜனாதிபதியவே முடிவு பண்ணிச்சு, அதுக்கு பொறவு எந்த கட்சிக்காரன் கியூபாவ பத்தி தைரியமா வாய் திறப்பான்? ஆனா விலக்க பாக்க மறந்துராத: அந்த 2000 அக்டோபர்லயே விவசாய மாநிலத்துக்காரங்க சேர்ந்து கியூபாவுக்கு உணவு விக்கலாம்னு சட்டம் கொண்டு வந்துட்டாங்க, ரொக்கம் முன்கூட்டியே குடுத்தா போதும். கோழிக்கறி அமெரிக்காவுல இருந்து ஹவானாவுக்கு போகுது. 1992ல இருந்து ஐ.நா. பொதுச்சபை அந்த தடைய எதிர்த்து தீர்மானம் போட்டுக்கிட்டே இருக்கு, அந்த தீர்மானத்துக்கு ஃபுளோரிடாவுல ஒரு ஓட்டு கூட கிடையாது.

நம்ம ஊருக்கு வா. பணகுடியில இருந்து காவல்கிணறு போறப்ப மகேந்திரகிரி மலை தெரியும்லா, அதுக்கு அடிவாரத்துல இஸ்ரோ எஞ்சின் சோதனை செய்யுத இடம். 1991ல இந்தியா சோவியத்தோட விண்வெளி நிறுவனம் கிளாவ்காஸ்மாஸ்கிட்ட கிரையோஜெனிக் எஞ்சினும் (திரவ ஹைட்ரஜன்ல ஓடுத ராக்கெட் எஞ்சின்) அத செய்யுத தொழில்நுட்பமும் வாங்க ஒப்பந்தம் போட்டுச்சு. அதுக்கு முன்ன அமெரிக்காவோட ஜெனரல் டைனமிக்ஸும் ஐரோப்பாவோட ஏரியன்ஸ்பேஸும் கூட விலை குடுத்திருந்தாங்க, ரஷ்யா விலை குறைவு. 1992 மே மாசம் அமெரிக்கா இஸ்ரோ மேலயும் கிளாவ்காஸ்மாஸ் மேலயும் ரெண்டு வருஷ தடை போட்டுச்சு, ஏவுகணை பரவலாம்னு காரணம். திரவ ஹைட்ரஜன நிரப்பி வச்சு போருக்கு ஏவுகணை விட முடியாதுன்னு நம்ம விஞ்ஞானிக தலையால அடிச்சுக்கிட்டாங்க. அதே வருஷம் ரஷ்யாவுக்கு உதவி குடுக்குத மசோதாவுல இந்த எஞ்சின் வியாபாரத்த நிறுத்தினாதான் துட்டுன்னு திருத்தம் கொண்டு வந்தது அப்ப செனட்டரா இருந்த ஜோ பைடன். பனிப்போர் முடிஞ்ச நேரம், ரஷ்யாவுக்கு எதுக்கு நம்ம வரிப்பணம்னு அமெரிக்கன் கேக்கான், அவனுக்கு பதில் சொல்லணும்லா, அந்த பதில்ல மகேந்திரகிரி மாட்டிக்கிட்டு. 1993ல ரஷ்யா பின்வாங்கிச்சு, பொறவு தொழில்நுட்பம் இல்லாம ஏழு எஞ்சின் மட்டும் குடுத்துச்சு. நாமே செஞ்ச எஞ்சினோட ஜி.எஸ்.எல்.வி. சரியா பறந்தது 2014 ஜனவரி 5ஆம் தேதி. இடையில போன வருஷங்கள எண்ணி பாரு. மகேந்திரகிரியில ராப்பகலா கிடந்த ஆளுக எனக்கு தெரியும், அவங்க பிள்ளைக வளர்ந்தத கூட பாக்காம இருந்தவங்க உண்டு.

சரி, தனியா ஒரு கூட்டத்தோட ஓட்டுக்காகவும் இல்லாம வியாபாரத்துக்காகவும் இல்லாம வெறும் "ஏதாவது செய்"ங்கிற கூச்சலுக்காக போடுத தடையும் உண்டு. 1935 அக்டோபர்ல இத்தாலி சர்வாதிகாரி முசோலினி அபிசீனியாவுக்குள்ள, அதாவது இப்ப எத்தியோப்பியாவுக்குள்ள புகுந்தான். அந்த வருஷம்தான் பிரிட்டன்ல வீடு வீடா அமைதி வாக்கெடுப்புன்னு ஒண்ணு நடத்தி முடிச்சிருந்தாங்க, 1 கோடியே 10 லட்சத்துக்கு மேல பேரு கலந்துக்கிட்டாங்க, அடிக்கிற நாட்ட பொருளாதாரத்தால தடுக்கணும்னு பெரும்பாலானவங்க சொல்லிட்டாங்க. நவம்பர் 14ஆம் தேதி தேர்தல், பிரதமர் பால்டுவின் லீக் ஆஃப் நேஷன்ஸ் (ஐ.நா.வுக்கு முன்ன இருந்த உலக நாடுகள் சங்கம்) பக்கம் நிப்போம்னு சொல்லி ஜெயிச்சாரு, 18ஆம் தேதி தடை அமலுக்கு வந்துச்சு. விலக்கு என்ன? எண்ணெய், நிலக்கரி, எஃகு. சூயஸ் கால்வாயையும் மூடல, இத்தாலி படைக் கப்பல் அது வழியாதான் போச்சு. மக்களுக்கு செஞ்ச மாதிரியும் இருக்கணும், முசோலினி பிரிட்டனோட போருக்கு வர்ற அளவுக்கு அவனுக்கு வலிக்கவும் கூடாது. 1936 மே மாசம் அடிஸ் அபாபா விழுந்துட்டு.

நீ பரீட்சைக்கு கேப்ப, தடை எத்தன தடவை ஜெயிச்சிருக்குன்னு. ஹஃப்பாவர்ங்கிற பொருளாதார ஆய்வாளரும் அவர் கூட்டாளிகளும் 20ஆம் நூற்றாண்டு தடைகள தொகுத்து சுமார் மூணுல ஒரு பங்கு ஓரளவு பலன் குடுத்துச்சுன்னாங்க. ராபர்ட் பேப்னு ஒருத்தரு 1997ல அவங்க பட்டியல திருப்பி பாத்து, வெற்றின்னு சொன்ன 40ல அஞ்சுதான் நிக்கும்னாரு, மத்ததுல பெரும்பாலும் ராணுவம் புகுந்திருக்கு, இல்லன்னா அந்த நாடு பணியவே இல்ல. எந்த கணக்க எடுத்தாலும் தோல்விதான் அதிகம். வெளிய இவ்வளவு தோக்குற ஆயுதத்த திரும்ப திரும்ப எடுக்காங்கன்னா வீட்டுக்குள்ள அது ஜெயிக்குதுன்னுதான் அர்த்தம்.

வீட்டுக்குள்ளன்னா எதிர்க்கட்சியோட மட்டும் சண்டை இல்ல, சபைக்கும் ஜனாதிபதிக்கும் நடக்குத சண்டையும் உண்டு. 2017ல ரஷ்யா, ஈரான், வடகொரியா மேல காட்சா சட்டம் வந்துச்சு, கீழ்சபையில 419க்கு 3, செனட்ல 98க்கு 2. பேருக்கு ரஷ்யா மேல கோபம், ஆனா அந்த சட்டத்தோட ஒரு முக்கியமான பகுதி ட்ரம்ப் தானா ரஷ்யா தடைய தளர்த்தக்கூடாது, காங்கிரஸ் பாத்து சரின்னு சொல்லணும்ங்கிறது. அவரு கையெழுத்து போட்டுட்டே சட்டம் ரொம்ப குறைபாடுள்ளதுன்னு குறை சொன்னாரு. ரஷ்ய ஆயுதம் வாங்குதவங்க மேலயும் தடை விழலாம்னு அதுல இருந்துச்சு, அதனால வாஷிங்டன்ல ரெண்டு வீட்டுக்காரங்க போட்ட பூட்டு, நாம 2018ல ரஷ்யாகிட்ட எஸ்-400 வான் பாதுகாப்பு ஏவுகணை வாங்க ஒப்பந்தம் போட்டப்ப நம்ம கதவுலயும் தொங்கிச்சு. அதே ஏவுகணை வாங்கின துருக்கி மேல 2020 டிசம்பர்ல போட்டே விட்டாங்க, நம்ம மேல போடல.

2022க்கு வாரேன். உக்ரைன் மேல ரஷ்யா படையெடுத்தது அநியாயம், அதுல எனக்கு ரெண்டாவது கருத்து இல்ல. மார்ச் 8ஆம் தேதி பைடன் ரஷ்ய எண்ணெய் அமெரிக்காவுக்குள்ள வரக்கூடாதுன்னாரு. ஜூன்ல அங்க பெட்ரோல் காலனுக்கு 5 டாலர தாண்டிட்டு, நவம்பர்ல இடைத்தேர்தல், அதாவது அவங்க மிட்டெர்ம். விலை ஏறினதுக்கு புதின்தான் காரணம்னு பைடனே ஊர் ஊரா சொல்லிக்கிட்டு திரிஞ்சாரு. அப்ப ரஷ்ய எண்ணெய உலக சந்தையில இருந்தே எடுத்துட்டா விலை இன்னும் எகிறும், ஓட்டு போயிரும். அதனாலதான் டிசம்பர்ல பேரலுக்கு 60 டாலர் உச்சவரம்புன்னு ஒரு ஏற்பாடு, எண்ணெய் ஓடணும், ரஷ்யாவுக்கு துட்டு மட்டும் குறையணும். இந்தியா வாங்கினத அப்ப அவங்க தடுக்காததுக்கும் அதுதான் காரணம். 2025 ஆகஸ்ட்ல ஆட்சி வேற, கணக்கு வேற, அதே எண்ணெய்க்காக நம்ம மேல கூடுதலா 25 சதவீதம், மொத்தம் 50 சதவீத வரி, தூத்துக்குடியில இறால் ஏற்றுமதி செய்யுதவங்க ஆர்டர கையில வச்சுக்கிட்டு முழிச்சாங்க. நம்மள விட அதிகமா வாங்குத சீனா மேல அந்த வரி விழல.

இப்பவும் விலக்க பாரு. ரஷ்ய உரம் அமெரிக்காவுக்கு போய்க்கிட்டேதான் இருந்துச்சு, 2022 மார்ச்லயே லைசன்ஸ் குடுத்துட்டாங்க, ஏன்னா உர விலை ஏறினா அதே அயோவா விவசாயி, அதே கோபம். யுரேனியம் இன்னும் சுவாரசியம். நம்ம கூடங்குளத்துல ரஷ்யா கட்டுன உலை, ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் 1988 நவம்பர்ல கையெழுத்து போட்டது. கூடங்குளத்துக்கு எரிபொருள் குடுக்குத அதே ரோசாட்டம்ங்கிற ரஷ்ய அரசு அணு நிறுவனத்து குடும்பத்துக்கிட்ட இருந்துதான் அமெரிக்க அணு உலைகளும் செறிவூட்டின யுரேனியம் வாங்கிக்கிட்டு இருந்துச்சு, 2022ல அவங்க தேவையில சுமார் கால் பங்கு. அதுக்கு தடை சட்டம் 2024 மே மாசம்தான் வந்துச்சு, படையெடுத்து ரெண்டு வருஷம் கழிச்சு, அதுலயும் வேற வழி இல்லன்னா 2028 ஜனவரி 1 வரைக்கும் விலக்கு வாங்கிக்கிடலாம். ஐரோப்பா மட்டும் யோக்கியமான்னா, பெல்ஜியம் ஆண்ட்வெர்ப் வைர வியாபாரத்துக்காக ரஷ்ய வைரம் கிட்டத்தட்ட ரெண்டு வருஷம் பட்டியல்ல ஏறவே இல்ல, 2024 ஜனவரியிலதான் தடை அமலாச்சு.

தடை வாங்குத பக்கமும் இதே மாதிரி உள்வீட்டு லாபம் பாக்கும். 1935 டிசம்பர்ல முசோலினி தாய்நாட்டுக்கு தங்கம் குடுங்கன்னான், பெண்கள் வரிசையில நின்னு கல்யாண மோதிரத்த கழட்டி குடுத்தாங்க, அவன பிடிக்காதவங்க கூட குடுத்தாங்க. ரஷ்யா 2014 ஆகஸ்ட்ல பதிலடின்னு ஐரோப்பிய இறைச்சி, பால், பழம் எல்லாத்தையும் நிறுத்திச்சு, லாபம் உள்ளூர் பெரிய பண்ணைக்காரங்களுக்கு, விலை ஏறினது சாதாரண ரஷ்ய வீட்டு அடுப்படியில.

இதையெல்லாம் சொல்லிட்டு நம்மள சொல்லாம விட்டா அது நேர்மை இல்ல. 2011 ஜூன் 8ஆம் தேதி தமிழ்நாடு சட்டசபை இலங்கை மேல பொருளாதார தடை போடணும்னு மத்திய அரச கேட்டு தீர்மானம் போட்டுச்சு. 2009 முள்ளிவாய்க்கால் கோபம் ஆறவே இல்ல, எனக்கும் ஆறல, அந்த தீர்மானத்த கேட்டப்ப நான் ஆபீஸ்ல இருந்து எந்திரிச்சு நின்னேன். அதே ஜூன் 13ஆம் தேதி தூத்துக்குடியில இருந்து கொழும்புக்கு பயணிகள் கப்பல மத்திய அரசு ஆரம்பிச்சு வச்சுது. அஞ்சு நாள் இடைவெளி. சென்னைக்கு ஒரு வீடு, டெல்லிக்கு வேற வீடு. உள்ளூர் காரணம்னா உடனே பொய், நாடகம்னு நினைச்சிராத தம்பி, இது நான் அழுத்தி சொல்ல நினைக்கிறது. அந்த கோபம் பொய் கிடையாது. 1946லயே இந்தியா தென்னாப்பிரிக்காவோட வியாபாரத்த நிறுத்திச்சு, உலகத்துல முதல் நாடு, அங்க இருந்த நம்ம சனங்கள நடத்துத விதத்துக்காக, அதுல தமிழங்க ஏராளம். 1986ல அமெரிக்க காங்கிரஸ் ரீகனோட வீட்டோவையே தாண்டி தென்னாப்பிரிக்கா மேல தடை சட்டம் போட்டதுக்கும் அமெரிக்காவுல இருக்க கறுப்பின மக்களும் காலேஜ் பிள்ளைகளும் வருஷக்கணக்கா தெருவுல நின்னதுதான் காரணம். அதுவும் உள்ளூர் அரசியல்தான், நான் அத வணங்குதேன். வித்தியாசம் என்னன்னா தென்னாப்பிரிக்காவுல கஷ்டப்பட்டவங்களே, அங்க உள்ள கறுப்பின மக்களே தடைய கேட்டாங்க. கியூபாவுல அடுப்பு எரிக்கிற பொம்பளைகிட்ட யாரும் கேக்கல.

சட்டத்துல விலக்கு இருந்தா மட்டும் சாமான் போயிருமான்னும் கேக்கணும். 2012 வாக்குல ஒரு சின்ன ஏற்றுமதியாளரு, ஈரானுக்கு டீத்தூள் அனுப்பினவரு, எங்க ஆபீஸ்லதான் பேப்பர் வேலை. சாப்பாட்டு சாமானுக்கு அமெரிக்க தடையில விலக்கு உண்டு, எல்லா காயிதமும் சுத்தம். ஆனா துட்டு வரவேண்டிய வழியில ஒரு வெளிநாட்டு வங்கி ஈரான்ங்கிற பேர பாத்ததும் நிறுத்திட்டு, காரணமும் சொல்லல, ஏழு மாசம். தப்பில்லாத வியாபாரத்துக்கு கூட வங்கி பயப்படுத காலம், பொறவு 2014ல பி.என்.பி. பாரிபாங்கிற பிரெஞ்சு வங்கி சூடான், ஈரான், கியூபா பணப்பரிமாற்றத்துக்காக அமெரிக்காவுக்கு கிட்டத்தட்ட 900 கோடி டாலர் அபராதம் கட்டிச்சு, அத பாத்த பொறவு எவன் துணிவான்? அந்த மனுஷன் பொஞ்சாதி நகைய வச்சு கூலி குடுத்தாரு, பொறவு ஏற்றுமதியே வேண்டாம்னு விட்டுட்டாரு. எந்த தேர்தலுக்கு யாரு போட்ட கணக்குல அவரு அடிபட்டாருன்னு அவருக்கு கடைசி வரைக்கும் தெரியாது.

கடைசி கேள்வி, ஏன் எடுக்க மாட்டேங்காங்க. போடுறப்ப போடுதவனுக்கு பேரு கிடைக்கும், எடுக்கிறப்ப எடுக்குதவன் எதிரிக்கு விலை போனவன்னு ஏச்சு வாங்குவான், எடுத்ததால லாபம் அடையுதவன் வெளிநாட்டுல இருக்கான், நன்றிக்கு ஓட்டு போட முடியாது. ஜாக்சன்-வானிக் திருத்தத்த எடுத்துக்க. 1972ல சோவியத்து வெளிய போக நினைச்ச படிச்சவங்க மேல பெரிய வரி போட்டுச்சு, அடி விழுந்தது யூதர்களுக்கு. செனட்டர் ஹென்றி ஜாக்சன், வெளிய விடாத நாட்டுக்கு வர்த்தக சலுகை கிடையாதுன்னு திருத்தம் கொண்டு வந்தாரு. மனசார நம்பின ஆளுதான், ஆனா 1972லயும் 1976லயும் ஜனாதிபதி ஆக போட்டியில நின்ன ஆளும் கூட. 1975 ஜனவரியில சட்டமாச்சு. 1973ல சுமார் 35,000 யூதங்கள வெளிய விட்ட சோவியத்து 1975ல சுமார் 13,000 பேரதான் விட்டுச்சு, யாருக்காக போட்டாங்களோ அவங்களுக்கே கதவு சாத்திட்டு. கோர்பச்சேவ் காலத்துல கதவு முழுசா திறந்துச்சு, 1991ல சோவியத்தே போச்சு, போகணும்னு நினைச்சவங்க இஸ்ரேல், அமெரிக்கான்னு போய் சேர்ந்துட்டாங்க, ரஷ்யா மேல அந்த சட்டம் மட்டும் 2012 வரைக்கும் இருந்துச்சு. ஏன் 2012ல எடுத்தாங்க? அந்த ஆகஸ்ட்ல ரஷ்யா உலக வர்த்தக அமைப்புல சேர்ந்துச்சு, சட்டம் இருந்தா அமெரிக்க ஏற்றுமதிக்காரங்களுக்கு அந்த லாபம் கிடைக்காது.

சும்மாவும் எடுக்கல. டிசம்பர்ல அத எடுத்த அதே சட்டத்துலயே மாக்னிட்ஸ்கி தடைய (மாஸ்கோ சிறையில செத்த மாக்னிட்ஸ்கி பேர்ல ரஷ்ய அதிகாரிக மேல போட்டது) சேர்த்துதான் ஒபாமா கையெழுத்து போட்டாரு, ஒரு பூட்ட கழட்டின கையோட இன்னொரு பூட்டு. ரெண்டு வாரத்துல ரஷ்யா பதில் சட்டம் கொண்டு வந்துச்சு, இனிமே அமெரிக்கங்க ரஷ்ய குழந்தைகள தத்தெடுக்கக்கூடாதுன்னு. அனாதை இல்லத்துல, வந்து பாத்துட்டு போன புது அம்மா அப்பா கூட்டிட்டு போக வருவாங்கன்னு காத்துக்கிட்டு இருந்த பிள்ளைகளும் அதுல அங்கயே நின்னுட்டாங்க.